முப்பத்தைந்து மில்லிமீட்டர்

ஐந்து ரோடு மேம்பாலத்தின் இரைச்சல் ஏறிவரும்
முதல் மாடிக் கடை.
கறுப்புத் துணி விரித்து இரண்டை வைத்தார் முஜீப்,
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு காட்டுவதுபோல.

ஒன்று நீளும்.
பதினெட்டில் தொடங்கி நூற்று நாற்பது வரை.
கோபுரத்தையும் எடுக்கலாம்,
அதன் மேல் உட்கார்ந்த கிளியையும் எடுக்கலாம்.
மற்றது நீளாது.
ஒரு சப்போட்டா அளவுதான், கையில் கனமே தெரியவில்லை.
"இது ஷார்ப்பு மேடம். ஆனா நீங்கதான் நடக்கணும்."

ஜனவரியில் பாதாமி, ஹம்பி. பன்னிரண்டு நாள்.
ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதிச் சேர்த்த லீவு.
எனக்கு வலிக்காத தோள் ஒன்றுதான்.
லென்ஸும் ஒன்றுதான்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போய்
பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.
ஆதார் நகலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சனி இரவு தட்டுவடை செட்டில் தொடங்கினேன்.
நீளும் லென்ஸுக்கு அது ஒரு சிவப்புத் திட்டு.
முப்பத்தைந்துக்குப் பீட்ரூட் துருவல் இழை இழையாய்,
சட்னி ஊறிக் கருத்த விளிம்பு,
என் சில்வர் தட்டின் கீறல்கள்
(அவற்றை நான் கேட்கவில்லை).
பிறகு சுவரில் நாளிதழை ஒட்டிச்
சுட்டு, பெரிதாக்கிப் பார்த்தேன்.
நடுவில் இருவரும் நல்லவர்கள்.
மூலைக்குப் போனால்தான் குணம் தெரிகிறது:
ஒன்றில் மணமகன் தேவை விளம்பரம்
வியர்வை பட்டதுபோல் கலைந்திருந்தது.
மற்றதில் அலைபேசி எண், கடைசி இலக்கம் வரை.

ஞாயிறு, ஏற்காட்டுக்கு முதல் பஸ்.
பதினான்காவது கொண்டை ஊசியில் மூடுபனி இறங்கியது.
அதற்குள் இரண்டுக்கும் ஒரே விலை.

நாகலூர் சாலையில் வெளுத்தது.
சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே
ஒருத்தி காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.
சாலையில் நின்றபடியே நூற்று நாற்பதில் இழுத்தேன்.
முகம் முழுதாய் வந்தது,
இமைகள் மட்டும் இட்லிப் பானை ஆவிக்குள்.
அவளுக்குத் தெரியவே தெரியாது.

மாற்றி மாட்டினேன்.
அவள் ஒரு கடுகு ஆனாள்.
ஓடையைத் தாண்டி, முள்கம்பியைத் தூக்கிக் குனிந்து,
செருப்பில் சேறு அப்ப
பக்கத்தில் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

"எதுக்கு?"
"லென்ஸ் பாக்குறேன்க்கா."
"லென்ஸைப் பாக்க என்னைய எதுக்குப் பாக்குற?"

பதில் இல்லை என்னிடம்.
அவளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"சரி, எடு" என்றாள். பெயர் இளஞ்சியம்.
எடுத்ததும் காட்டச் சொன்னாள்.
திரையை இரண்டு விரலால் விரித்தாள்,
தன் முகத்தைத் தாண்டிக் கீழே போனாள்,
இடுப்புக் கூடையில் நின்றாள்.

"அய்ய, பச்சைக் காய் கெடக்கு பாரு.
மேஸ்திரி கண்ணுல பட்டா அவ்ளோதான்."

படத்தைப் பார்த்துப் பார்த்து
கூடையிலிருந்து பொறுக்கினாள்,
ஒன்று, இரண்டு, ஆறு.
ஆறையும் என் கையில் கொட்டிவிட்டு
அடுத்த செடிக்குப் போனாள்.

திரும்பும் வழியில், புல்சரிவில்,
காட்டெருமை ஒன்று தனியாக.
நடந்து பக்கத்தில் போகச் சொல்லும் லென்ஸ் கழுத்தில்.
நடக்க வேண்டாதது பையின் அடியில், துண்டுக்கும் குடைக்கும் கீழே.
நான் ஜிப்பைத் திறந்து முடிப்பதற்குள்
உண்ணிச்செடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

திங்கள் மாலை முஜீப் கேட்டார்:
"மலையில மிருகம் ஏதாவது?"
"கிடைக்கல."
"அப்ப நீளமானதே வெச்சுக்குங்களேன்."
"இல்ல, இது போதும்."
எண்ணூறு குறைத்துக்கொண்டார்.

இரவு மடிக்கணினியில் அந்தப் படத்தை விரித்தேன்.
இமைகள் இருந்தன, எண்ணும்படி.
கூடையின் ஓரத்தில், ஒரு காப்பி இலைக்கு அடியில்,
பாதி தெரிந்தது
ஏழாவது பச்சைக் காய்.

நேற்றே எடை போட்டிருப்பார்கள்.